மூத்தாப்பாவின் துவக்கு: ஒரு திருத்தம்



போன கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். என்னிடம் படித்த ஒரு தம்பி வந்து கையைப் பிடித்தான். "ஸேர், ஒங்கட மூத்தாப்பாட துவக்கு பதினஞ்சு லட்சம் போகுமாமே, மெய்யா?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் போனை எடுத்துக் காட்டினான்.

கடந்த பெருநாளைக்கு நான் இந்தப் பக்கத்தில் போட்ட பழைய போட்டோதான். எங்கள் மூத்தாப்பா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, கையில் துவக்கோடு வேலியோரத்தில் நிற்கும் படம். அதை யாரோ எடுத்து, கீழே ஒரு வரலாறும் எழுதி, குறூப் குறூப்பாக அனுப்பியிருக்கிறார்கள். ஒராபி பாஷா இலங்கையில் இருந்த காலத்தில் முசலி முஸ்லிம்களுக்குப் பரிசாகக் கொடுத்த வின்செஸ்டர் துவக்காம் அது. கட்டாரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அதற்கு விலையும் போட்டுவிட்டார். என் உம்மா வேறு கோல் எடுத்து, "இத்தினை நாளா எங்களுக்கே தெரியாமப் போச்சே மகன்" என்று சந்தோஷப்படுகிறார்.

வேறொருவரின் வீட்டைப் பற்றிய கதையென்றால் பேசாமல் இருந்திருப்பேன். இது என் வீட்டுப் பெருமையாகிவிட்டதால் நான்தான் திருத்த வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அந்தத் துவக்கு இப்போது எங்களிடம் இல்லை. 1985ஆம் ஆண்டு ஒரு இரவு ஆயுதத்தோடு வந்த சிலர் அதை எடுத்துப் போனார்கள். மூத்தாப்பா அடுத்த நாளே பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். ஆகவே பதினைந்து லட்சத்துக்கு வாங்க வருகிறவர்கள் வீணாகப் பெற்றோல் செலவழிக்க வேண்டாம். எங்களிடம் மிஞ்சியிருப்பது இந்தப் போட்டோவும், ஒரு கட்டுக் காகிதமும்தான். போட்டோவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விசைக்குக் கீழே ஒரு இரும்புப் பிடி தெரிகிறதல்லவா? அதுதான் லீவர். அதைக் கீழே இழுத்தால் துவக்கின் வாய் திறக்கும், மேலே தள்ளினால் மூடும். நம்மவர்கள் லீவரைக் கண்டதும் வின்செஸ்டர் என்று முடிவெடுப்பதற்குக் காரணம் இங்கிலீஷ் படங்கள். குதிரையில் இருந்தபடி கதாநாயகன் கிளிக் கிளிக் என்று ஒற்றைக் கையால் லீவரை ஆட்டிக்கொண்டே சுடுவான். அது வின்செஸ்டர்தான், பிழையில்லை. ஆனால் லீவர் வைத்ததெல்லாம் வின்செஸ்டர் இல்லை. நாலு கால் வைத்ததெல்லாம் மாடு இல்லைத்தானே.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் ஒலிவர் வின்செஸ்டர் என்பவரின் கம்பனி செய்த துவக்குகள் அவை. 1866ஆம் ஆண்டு மாடல் பித்தளை நிறத்தில் மின்னும். பிறகு 1873, 1892, 1894 என்று வந்தன. 1894 மாடல் மட்டும் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. இவற்றை அடையாளம் காண்பது லேசு. லீவரே வளையமாக வளைந்து விசையைச் சுற்றிக் காவலாகவும் நிற்கும். குழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழாய் ஓடும், தோட்டாக்கள் வரிசையாகக் கிடப்பது அதற்குள்தான். வலப் பக்கத்தில் தோட்டாவை உள்ளே தள்ளுவதற்குச் சிறிய கதவு இருக்கும். பின்னால் பெருவிரலால் இழுக்கும் சுத்தியல் வெளியே தெரியும். மூத்தாப்பாவின் கையில் இருப்பதில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. ஒற்றைக் குழல், கீழே குழாய் கிடையாது, சுத்தியலும் கிடையாது. விசைக்காவல் தனியாக இருக்கிறது. லீவர் அதற்குப் பின்னாலிருந்து கட்டையின் கழுத்தோடு ஒட்டிப் போகிறது. பெட்டி போன்ற இரும்புப் பகுதி கொஞ்சம் கூன் விழுந்த முதுகு மாதிரி மேலே எழும்பி நிற்கிறது.

வின்செஸ்டரை விட்டுப் போகுமுன் ஒரு விஷயம். கட்டார்க்காரர் எனக்கு அனுப்பிய இன்னொரு படத்தில், உண்மையான ஒரு வின்செஸ்டரின் குழலில் 1866 மார்ச் 29 என்று பொறித்திருந்தது. "பாருங்க ஸேர், பிறந்த தேதியே போட்டிருக்கு" என்று எழுதியிருந்தார். அது பிறந்த தேதி இல்லை, கண்டுபிடிப்புக்கு உரிமை பதிந்த தேதி. 1873 மாடல் துவக்குகளில்கூட அதே 1866 வரிதான் இருக்கும். 1873 என்பதும் மாடலின் பெயரே தவிர, செய்த ஆண்டு அல்ல. அந்த மாடலை 1900க்குப் பிறகும் பல ஆண்டுகள் செய்துகொண்டேதான் இருந்தார்கள். எப்போது செய்தது என்று அறியத் தொடர் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 1873 மாடலில் அது விசைக்காவலுக்குப் பின்னால், அடிப்பக்கத்து இரும்பு வாலில் இருக்கும். 1894 மாடலில் பெட்டியின் அடியில், முன்பக்கமாக இருக்கும். இது சும்மா பொழுதுபோக்குக் கணக்கு இல்லை. 1898 முடிவதற்குள் செய்தது என்றால் அமெரிக்கச் சட்டத்தில் அது புராதனப் பொருள், 1899 என்றால் சாதாரண ஆயுதம். ஒரே மாதிரி இரண்டு துவக்கின் விலை அந்த ஒரு வருட இடைவெளியில் மாறிவிடும்.

பழசு என்பதால் மட்டும் விலை ஏறுவதும் இல்லை. வின்செஸ்டர் 1873 மாடலில், குறி பார்த்துத் தேர்ந்தெடுத்த நல்ல குழல்களைக்கொண்டு ஆயிரத்தில் ஒன்று என்ற பெயரில் விசேடமாகச் சில துவக்குகள் செய்தார்கள். மொத்தம் நூற்று முப்பது சொச்சம்தான். அவை கோடிக்கணக்கில் போகும். அதே ஆண்டுச் சாதாரணத் துவக்கை அரத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தால், வாங்க வருகிறவர் திரும்பிப் பார்க்கமாட்டார். எழுத்து மழுங்கிவிடும், பழைய நிறம் போய்விடும். நம் வீடுகளில் பழைய பித்தளை, செம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்ப்பது போலத்தான் இதுவும். இன்னொன்று, வின்செஸ்டர் கம்பனியின் பழைய பேரேடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இலக்கத்தைக் கொடுத்தால், பேரேட்டில் பதிவு மிஞ்சியிருக்கும் துவக்குகளுக்கு, எப்படிச் செய்தது, எந்த நாளில் வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் ஒத்துப்போனால் துவக்கின் விலை கூடும், ஒத்துப்போகாவிட்டால் விழும். அதாவது இரும்பின் விலையைக் காகிதம்தான் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு திரும்பி வருவேன்.

சரி, வின்செஸ்டர் இல்லையென்றால் என்ன? அந்தக் கூன் முதுகும், கழுத்தோடு ஒட்டிய லீவரும் மார்ட்டினி வகைக்கு உரியவை. அமெரிக்காவில் பீபொடி என்பவர் உருவாக்கிய பூட்டை சுவிட்சர்லாந்தில் மார்ட்டினி என்ற பொறியியலாளர் திருத்தினார். எடின்பரோ நகரத்துத் துவக்குக்காரர் ஹென்றி அதற்கு உள்ளே புரி வெட்டிய குழலைக் கொடுத்தார். இரண்டு பேர் பெயரும் சேர்ந்து மார்ட்டினி ஹென்றி ஆனது. 1871 முதல் பிரித்தானிய இராணுவத்தின் துவக்கு அதுதான். 1888இல் லீ மெட்ஃபோர்ட் வரும்வரை பேரரசு முழுவதும் அதைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா. லீவரை இழுத்தால் பழைய தோட்டாக் கூடு வெளியே விழும், கையால் அடுத்ததை வைக்க வேண்டும்.

இங்கேதான் ஒராபி பாஷாவின் கதையைச் சோதிக்க வேண்டும். அஹ்மத் ஒராபி பாஷாவின் எகிப்தியப் படை 1882 செப்டெம்பர் 13ஆம் தேதி தல் அல் கபீர் என்ற இடத்தில் ஆங்கிலேயரிடம் தோற்றது. அவரையும் தோழர்களையும் நாடுகடத்தினார்கள். 1883 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கினார். 1901 வரை இங்கேதான் இருந்தார். சித்தி லெப்பை போன்றவர்களோடு சேர்ந்து கல்விக்காகப் பேசினார். 1892இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது அவருடைய ஆதரவு இருந்தது. இதெல்லாம் உண்மை. இதை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

ஆனால் தல் அல் கபீரில் லீவர் துவக்கு யார் கையில் இருந்தது? ஆங்கிலேயர் கையில். அந்த மார்ட்டினி ஹென்றியால்தான் ஒராபியின் படையைச் சுட்டார்கள். எகிப்தியர் கையில் இருந்தது ரெமிங்டன், அதற்கு லீவரே கிடையாது, பெருவிரலால் பின்னுக்குச் சுழற்றித் திறப்பது. தோற்றுப்போய், ஆங்கிலேயரின் காவலில், அவர்கள் கொடுத்த கொடுப்பனவில் வாழ்ந்த ஒரு மனிதர், தன்னைத் தோற்கடித்த துவக்கையே எடுத்து ஆங்கிலேயர் ஆட்சி நடக்கும் ஊரில் பரிசாகப் பங்கிட்டார் என்றால், கதை கட்டியவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

துருக்கி சுல்தான் அனுப்பியது என்று இன்னொரு குறூப்பில் ஓடுகிறதாம். உஸ்மானியர் லீவர் துவக்குகளை வாங்கியது மெய்தான். ஐம்பதாயிரம் அளவில் வின்செஸ்டரும், லட்சக்கணக்கில் பீபொடி மார்ட்டினியும் அமெரிக்காவிலிருந்து எடுத்தார்கள். 1877இல் பிளெவ்னா முற்றுகையில் உஸ்மான் பாஷாவின் படை தூரத்தில் வந்தவர்களை மார்ட்டினியாலும், பள்ளத்துக்குக் கிட்ட வந்தவர்களை வின்செஸ்டராலும் சுட்டது. ரஷ்யப் படை மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து ஆயிரக்கணக்கில் இழந்தது. ஆனால் அந்தத் துருக்கி மார்ட்டினிகளின் பெட்டியில் சுல்தானின் துக்ரா முத்திரை இருக்கும், இலக்கமும் நம் குர்ஆன் பக்கங்களில் இருப்பது போன்ற அரபு எண்களில் இருக்கும். நம்முடைய காகிதத்தில் பதிந்திருக்கும் இலக்கம் அப்படி இல்லை. மூத்தாப்பாவின் துவக்கில் துருக்கியிலிருந்து வந்தது ஒன்று உண்டென்றால் அது அந்தச் சொல்தான். துஃபெக் என்ற துருக்கிச் சொல்தான் பல வாய்களில் புரண்டு நம்மிடம் துவக்காகவும் துப்பாக்கியாகவும் வந்து சேர்ந்தது என்பார்கள்.

இந்தக் கதைகள் ஏன் பிடித்துக்கொள்கின்றன என்று எனக்கு விளங்காமல் இல்லை. 1905இல் அப்துல் காதர் என்ற வழக்கறிஞர் துருக்கித் தொப்பியோடு வாதாட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது, இலங்கை முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் மருதானைப் பள்ளியில் கூடியவர்கள். எங்கோ ஒரு பெரிய அரசோடு நமக்கும் ஒரு நூல் இருக்கிறது என்ற ஆசை பழையது.

கட்டார்க்காரர் சான்றாக அனுப்பிய மூன்றாவது படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர் கோபித்தாலும் பரவாயில்லை. "இதே மாதிரித்தான் ஸேர், இதுக்கு இவ்வளவு விலை சொல்றான்" என்று ஒரு மார்ட்டினியின் வலப்பக்கத்தை அனுப்பியிருந்தார். உண்மையான மார்ட்டினி ஹென்றியில் அந்தப் பக்கத்தில் ஒரு கிரீடம், அதற்குக் கீழே வி.ஆர். என்ற விக்டோரியா ராணியின் எழுத்துகள், பிறகு செய்த இடமான என்ஃபீல்ட் போன்ற பெயர், ஆண்டு, மார்க் இலக்கம் எல்லாம் வரிசையாக இருக்கும். அவர் அனுப்பியதில் கிரீடம் நசுங்கின பலாப்பழம் மாதிரி இருந்தது. வி.ஆர். என்று இருந்தது. ஆண்டு 1919. ராணி 1901 ஜனவரியில் மௌத்தாகிவிட்டார்! 1919இல் இருந்தது ஜோர்ஜ் மன்னர். என்ஃபீல்ட் என்ற சொல்லில் என் எழுத்துத் தலைகீழாகத் திரும்பியிருந்தது. இவை பெஷாவர் பக்கம், தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில் பட்டறைக்காரர் கையால் செய்தவை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல், அச்சு எழுத்தைப் படம் வரைவது போல் வெட்டியிருப்பார்கள். அவர்களின் கைவேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. அரமும் சுத்தியலும் வைத்து ஒரு துவக்கையே செய்திருக்கிறார்கள். ஆனால் அதை ராணியின் படைத் துவக்கு என்று விலை கொடுத்து வாங்காதீர்கள்.

நம் படத்தில் இருப்பது இந்த இராணுவ மார்ட்டினியும் இல்லை. அதில் கட்டை குழலோடு கூடவே முன்வாய்க்குக் கிட்ட வரை போகும், இரண்டு இரும்புப் பட்டிகள் கட்டியிருக்கும், தூரம் பார்க்கும் ஏணி மாதிரி ஒரு காட்டி குழலின் மேல் நிற்கும். மூத்தாப்பாவின் துவக்கில் கையால் பிடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் கட்டை, மீதிக் குழல் வெறுமையாக இருக்கிறது.

இனிக் காகிதத்துக்கு வருகிறேன். அனுமதிப்பத்திரத்தில் லிகிதர் அழகான கையெழுத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: எஸ்.பி.பி.எல்., 12, கிரீனர், பிறகு ஒரு இலக்கம். ஒற்றைக் குழல், பின்வாயால் தோட்டா போடுவது, பன்னிரண்டாம் இலக்கத் தோட்டா என்பது பொருள். அந்தக் காலத்தில் ஊரில் அதிகம் இருந்தது முன்வாயால் மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கு. அதோடு பார்த்தால் பின்வாய்த் துவக்கு கொஞ்சம் வசதியான சாமான்தான்.

கிரீனர் பர்மிங்காம் நகரத்துப் பழைய கம்பனி. டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் துவக்கின் வரலாற்றைப் பற்றி 1881இல் பெரிய புத்தகமே எழுதியவர். முதலாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கம்பனி மார்ட்டினிப் பூட்டை அப்படியே எடுத்து, அதில் புரியில்லாத வழுவழுப்பான சன்னக் குழலைப் பூட்டி, தோட்டக்காரர்களுக்கும் விவசாயிகளுக்குமாக மலிவான துவக்கு ஒன்றைச் செய்தது. ஜி.பி. என்று பெயர், எல்லாத் தேவைக்கும் உரியது என்று அர்த்தம். உடையாது, பழுதாகாது, சேற்றில் விழுந்தாலும் கழுவித் துடைத்துப் பாவிக்கலாம். 1965இல் கிரீனர் கம்பனி வேறு கைக்கு மாறும் வரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது. எகிப்தோடு ஒரு தொடர்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இதோ ஒன்று: அதே மார்ட்டினிப் பூட்டில் கிரீனர் எகிப்துப் பொலிசுக்கென்று விசேடமாக ஒரு துவக்கு செய்தது. களவு போனாலும் கடைத் தோட்டா அதில் வெடிக்காதபடி தோட்டாவின் வடிவத்தையே மாற்றியிருந்தார்கள். ஒராபியின் நாட்டுச் சனங்களை அடக்குவதற்கு, ஒராபி போய் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு செய்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆகவே மூத்தாப்பாவின் துவக்கு ஒரு சாதாரண கிரீனர் ஜி.பி. இங்கிலாந்தில் இன்றைக்கும் அது பெரிய விலைக்குப் போகிற சாமான் இல்லை. உம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பண்டி வெடிக்கத்தானே வெச்சிருந்தார், வேற என்னத்துக்கு" என்றார்.

அந்தப் பண்டியில்தான் விஷயமே இருக்கிறது.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்ததிலிருந்து நம் நாட்டில் துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மூத்தாப்பா எழுத்தறிவு குறைந்த மனிதர், ஆனால் அரச முத்திரை உள்ள எதையும் எறியமாட்டார். 1953 தொடக்கம் 1984 வரை ஆண்டுக்கொன்றாக வந்த தாள்களில் பதினேழு எங்களிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவர் பெயர், ஊர் கரடிக்குளி, மன்னார் மாவட்டம். 1971ஆம் ஆண்டுத் தாளில், கலவர நேரம் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்து மறு வருடம் திரும்ப எடுத்ததாக ஒரு குறிப்பு. நோக்கம் என்ற இடத்தில் எல்லாத் தாளிலும் ஒரே சொல்: பயிர்ப் பாதுகாப்பு.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மோதரகம் ஆற்றைக் கடந்து, வில்பத்துக் காட்டுப் பாதையால், கலா ஓயா தாண்டி எலுவன்குளம் வந்து, அங்கிருந்து புத்தளம். பிறகு கற்பிட்டி வீதியில் ஓலைக் கொட்டில். நகை, மாடு, நெல் எல்லாம் விட்டாயிற்று. மூத்தும்மா தன் வெற்றிலைப் பையின் அடியில் மடித்து வைத்துக்கொண்டு வந்ததுதான் இந்தக் கட்டு. காணி உறுதி இருந்த தகரப் பெட்டி வரவில்லை. துவக்கே இல்லாத துவக்குக் காகிதத்தை எதற்கு எடுத்தார் என்று வாப்பா பல முறை ஏசியிருக்கிறார்.

2009க்குப் பிறகு எங்கள் ஆட்கள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடத்தில் வளவுகளை மரம் மூடியிருந்தது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தை ஒதுக்கப்பட்ட காடு என்று வர்த்தமானி சொன்னது. 2017 மார்ச்சில் மாவில்லு என்ற பெயரில் இன்னொரு வர்த்தமானி. முஸ்லிம்கள் வில்பத்துவை வெட்டிக் குடியேறுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் மாதக்கணக்கில் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு கூட்டத்தில் ஒரு உத்தியோகத்தர் என் சாச்சாவைப் பார்த்து, "அங்கே எப்போதுமே காடுதானே இருந்தது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சாச்சாவிடம் பதில் இருக்கவில்லை. பள்ளிவாசல் இடிபாட்டைச் சொன்னார், கிணற்றைச் சொன்னார். படம் இருக்கிறதா, பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

நான் அன்று இரவு இந்தக் கட்டைப் பிரித்தேன். காட்டுக்கு நடுவில் இருப்பவன் பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு கேட்கமாட்டான். கேட்டாலும் கச்சேரியில் கொடுக்கமாட்டார்கள். 1953இல் ஒரு அரச உத்தியோகத்தர் கரடிக்குளியில் இந்த மனிதருக்குப் பயிர் இருக்கிறது, அதைப் பண்டி தின்கிறது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்திருக்கிறார். அதைப் பதினேழு தாளில் பதினேழு முறை வைத்திருக்கிறார்கள். இது காணி உறுதி ஆகாது, எனக்குத் தெரியும். சட்டத்தரணியும் அதைத்தான் சொன்னார். ஆனால் மற்ற ஆவணங்களோடு சேர்த்து வைக்கலாம், வையுங்கள் என்றார். வைத்திருக்கிறோம்.

இப்போது அந்த வட்ஸ்அப் கதையைத் திரும்பப் பாருங்கள். நாளைக்கு இதே காகிதத்தை நான் எங்காவது காட்டினால், அதே துவக்கு ஒராபி பாஷா கொடுத்தது என்று ஊரே சொல்கிறதே என்று ஒருவர் போனை நீட்டலாம். பொய்க் கதை ஒட்டிய சான்றை யார் நம்புவார்கள்? அந்தப் பதினைந்து லட்சத்தால் எனக்கு வரப்போகும் நட்டம் இதுதான்.

கண்டி அரசனின் பீரங்கி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டி மாளிகையைச் சூறையாடியபோது கொண்டுபோனது. அதற்கு அடுத்த வருட ஒப்பந்தத்தில்தான் நம் புத்தளக் கரையும் கண்டியின் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. அந்தப் பீரங்கி ஆம்ஸ்டர்டாமில் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தது. இலங்கை, ஒல்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து அது யாருடையது, யார் கொடுத்தது, எப்படி எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார்கள். 2023இல் அது திரும்பி வந்தது. கூடவே வாள், கத்தி, இரண்டு மஹ துவக்கு என்று மொத்தம் ஆறு பொருட்கள். பொன்னும் மணியும் பதித்த பீரங்கி என்பதால் திரும்பி வரவில்லை. பொன் எத்தனையோ அங்கேயே கிடக்கிறது.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வாள், பெரிய கத்தி இருந்தால் ஒப்படையுங்கள் என்று பொலிஸ் அறிவித்தது. வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. மே 13ஆம் தேதி நம் மாவட்டத்திலேயே கொட்டாரமுல்லையில் ஒரு சகோதரரை வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பயத்தில் நம் ஆட்கள் எதையெல்லாம் களப்பில் போட்டார்கள், எதையெல்லாம் எரித்தார்கள் என்பது நமக்குள் தெரியும். அரபுத் தமிழில் எழுதிய பழைய கொப்பிகள், மூத்தாப்பாமாரின் போட்டோக்கள். சாச்சா இந்தப் போட்டோவையும் காகிதக் கட்டையும் அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டார். "துவக்குப் படம் வூட்ல இருந்தா என்ன சொல்லுவானுகள்?" என்றார். நியாயமான கேள்விதான், அன்றைக்கு. நான் கட்டை வாங்கிப் பாடசாலைப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்று நான் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் இன்றைக்கு ஒராபி பாஷா கதைதான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டில் பழைய துவக்கு அனுமதிப்பத்திரம், உப்பளத் துண்டு, முத்துக்குளிப்புக் காலத்துக் காகிதம், பங்கீட்டு அட்டை எது இருந்தாலும் இரு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். லெமினேற் பண்ணாதீர்கள், சூடு பட்டால் பழைய மை போய்விடும். போட்டோவின் பின்னால் பேனையால் எழுதாதீர்கள், பென்சில் போதும். உண்மையான துவக்கோ அதன் உறுப்போ பரணில் கிடைத்தால் எனக்குப் படம் அனுப்ப வேண்டாம், வட்ஸ்அப்பில் விலை கேட்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், அவரோடு பொலிசுக்குப் போங்கள். பழசுதானே, துருப்பிடித்ததுதானே என்பது அனுமதிப்பத்திரத்துக்குப் பதில் ஆகாது.

குறூப்களில் அந்தப் படத்தை அனுப்பியவர்களிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. படத்தை எடுக்கவும் வேண்டாம். கீழே உள்ள எழுத்தை மட்டும் மாற்றி இப்படிப் போடுங்கள்: "கிரீனர் ஒற்றைக் குழல், 12 இலக்கம். பயிர்ப் பாதுகாப்புக்காக. கரடிக்குளி, 1953."